'படிச்சீங்களா?'ன்னு கேட்டா மட்டும் போதுமா?

வருஷா வருஷம் டிசம்பர் கடைசியில ஒரு காய்ச்சல் ஆரம்பிக்கும். ஜனவரியில சென்னை புத்தகக் கண்காட்சி வருதில்ல... ஆளாளுக்கு ஒரு பட்டியலோட கிளம்பிடுவாங்க. 'கட்டாயம் படிக்க வேண்டிய 100 நாவல்கள்', 'இவை படிக்காதவன் வாசகனே அல்ல' ரேஞ்சுக்கு. பார்க்குறவங்களும் "அருமை, சேமித்துக்கொண்டேன்"னு சொல்லிட்டுப் போவாங்க. சேமிச்சதோட சரி. அதுல எத்தனை பேர் எத்தனை புத்தகத்தைத் தொட்டாங்கன்னு யாரும் திரும்பக் கேக்கறதில்ல.

பட்டியல் போடுறவங்க மேல எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். பட்டியல் அதைப் போட்டவரைப் பத்தித்தான் பேசுது, படிக்கப் போறவரைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒருத்தர் இப்பதான் சுஜாதாவைத் தாண்டி வேற ஏதாவது படிக்கலாமான்னு பயந்து பயந்து எட்டிப் பாக்குறார்னு வைங்க. அவர் கையில நூறு பேர் கொண்ட பட்டியலைத் திணிச்சா என்ன பண்ணுவார்? அதுல இருக்கிறதுலயே கனமான பேரா பார்த்து 'விஷ்ணுபுர'த்தை வாங்கிட்டுப் போவார். நாப்பதாவது பக்கத்துல மூச்சு வாங்கும். "இலக்கியம்லாம் நமக்குச் சரிப்படாதுப்பா"ன்னு முடிவு பண்ணி, புத்தகத்தை டிவி பக்கத்துல நிக்க வச்சிருவார். 'விஷ்ணுபுரம்' நல்ல நாவலா இல்லையாங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. அதே ஆள் கையில அசோகமித்திரனோட 'தண்ணீர்' போயிருந்தா கதையே வேற. சின்ன புத்தகம். சென்னையில குடத்தைத் தூக்கிக்கிட்டு குழாயடிக்கு அலையுற கதை. 1973-ல வந்தது. இன்னிக்கும் லாரித் தண்ணிக்குக் காத்திருக்கிற எவனுக்கும் கோனார் நோட்ஸ் தேவைப்படாது.

அதனால என் கட்சி இதுதான்: புத்தகத்தை ஊருக்குப் பரிந்துரைக்காதீங்க, ஆளுக்குப் பரிந்துரைங்க. பரிந்துரைச்சா மட்டும் பத்தாது, முடிஞ்சா கையில குடுங்க.

இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் ஒண்ணும் இல்ல. தமிழ்ல நடந்த ஆகப் பெரிய புத்தகப் பரிந்துரை எதுன்னு என்னைக் கேட்டா, 1880-ல கும்பகோணத்துல நடந்ததைத்தான் சொல்லுவேன். உ.வே.சாமிநாதையர் அப்பதான் கும்பகோணம் காலேஜ்ல தமிழ்ப் பண்டிதரா சேர்ந்திருக்கார். ஊருக்கு முன்சீப்பா சேலம் இராமசாமி முதலியார்னு ஒருத்தர் மாத்தலாகி வர்றார். அவரைப் பார்க்க ஐயர் போறார். முதலியார், என்ன படிச்சிருக்கீங்கன்னு கேக்குறார். ஐயர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், புராணம்னு அடுக்குறார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டவராச்சே, பட்டியல் சின்னதாவா இருக்கும்? முதலியார் அசரவே இல்ல. இதெல்லாம் சரி, பழைய நூல்கள் எதுவும் படிச்சதுண்டா, சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை படிச்சிருக்கீங்களான்னு கேட்டிருக்கார். ஐயருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கு. புத்தகம் கிடைச்சா படிச்சிருப்பேனேங்கிற மாதிரி சொல்லியிருக்கார்.

இங்கதான் விஷயமே. நம்மள மாதிரி ஆளா இருந்தா, "என்னது, சிந்தாமணி படிக்கலையா?"ன்னு புருவத்தைத் தூக்கிட்டு, அதுல கிடைக்கிற சந்தோஷத்தோட வீட்டுக்குப் போயிருப்போம். முதலியார் அப்படிச் செய்யல. தன்கிட்ட இருந்த சிந்தாமணி கையெழுத்துப் பிரதியைக் குடுத்து, படிச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டார். 'சீவக சிந்தாமணி' 1887-ல அச்சாகி வந்துச்சு. 'பத்துப்பாட்டு' 1889, 'சிலப்பதிகாரம்' 1892, 'புறநானூறு' 1894, 'மணிமேகலை' 1898-னு வரிசையா வந்தது. இதெல்லாம் 'என் சரித்திர'த்துல ஐயரே விவரமா எழுதி வச்சிருக்கார். நாம அதை சுவடி தேடின கதையா மட்டுமே படிச்சுப் பழகிட்டோம். எனக்கு அது ஒரு இரவல் புத்தகத்தோட கதையாவும் தெரியுது.

முதலியார் மூணே மூணு காரியம்தான் செஞ்சார். என்ன படிச்சிருக்கேன்னு முதல்ல கேட்டார். அதுக்கு அடுத்த படி எதுவோ அதைக் காட்டினார். மூணாவதா, புத்தகத்தைக் கையில குடுத்தார். நாம இந்த மூணுல ரெண்டாவதை மட்டும் வச்சுக்கிட்டு, அதையும் நூறால பெருக்கி, பட்டியலா தொங்க விடுறோம்.

முதல் காரியத்தை எடுத்துக்குவோம். ஒருத்தர் "ஏதாவது நல்ல புக் சொல்லுங்க"ன்னு கேட்டா, நாம உடனே நமக்குப் பிடிச்சதைச் சொல்ல ஆரம்பிச்சிடுறோம். ரெண்டு நிமிஷம் பொறுத்து, கடைசியா எதை விரும்பிப் படிச்சீங்க, எதைப் பாதியில வச்சீங்கன்னு கேட்டாலே போதும். பாதியில வச்ச புத்தகம் நிறைய விஷயம் சொல்லும். "மோகமுள் ரொம்ப நீளங்க, ஆனா அந்த எழுத்து பிடிச்சிருந்துச்சு"ன்னு சொல்றவருக்கு 'அம்மா வந்தாள்' குடுக்கலாம். "கிராமத்துக் கதைன்னா உசுரு"ங்கிறவருக்கு கி.ரா.வோட 'கோபல்ல கிராமம்'. அதை முடிச்சவருக்கு பூமணியோட 'பிறகு'. ஒரே கரிசல் மண்ணுதான், ஆனா சேரியில நின்னு பார்த்தா அதே மண்ணு எப்படித் தெரியும்னு அவரே புரிஞ்சுக்குவார், நாம பிரசங்கம் பண்ண வேண்டியதில்ல. சினிமா வழியா வர்றவங்களுக்கும் வழி இருக்கு. 2002-ல வந்த 'சொல்ல மறந்த கதை' பார்த்திருக்கீங்களா, அது நாஞ்சில் நாடனோட 'தலைகீழ் விகிதங்கள்'தான்னு சொன்னாலே பாதிப் பேர் கையை நீட்டுவாங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா. தையல் மெஷின் போட்டிருக்காங்க. ரமணிசந்திரன் ஒண்ணு விடாம படிச்சவங்க. அவங்ககிட்ட ஒரு நாள் இமையத்தோட 'கோவேறு கழுதைகள்' குடுத்தேன். கூட இருந்த நண்பர் ஒருத்தர், "எங்கேயிருந்து எங்கே தாவுற, ஓவரா இல்ல?"ன்னு சிரிச்சார். நாலாவது நாள் அக்கா புத்தகத்தோட வந்து நின்னாங்க. "ஏம்ப்பா, அந்த ஆரோக்கியம் பொம்பளைக்குக் கடைசி வரைக்கும் விடிவே இல்லையா? துணி தைக்கக் கால் ஓடலப்பா"ன்னாங்க. நான் கேட்ட விமர்சனத்துலயே நல்ல விமர்சனம் அது. ரமணிசந்திரன் படிக்கிறவங்க உழைக்கிற பொம்பளையோட கதையைப் படிக்க மாட்டாங்கன்னு நமக்கு யார் சொன்னது? கேக்காம நாமளே முடிவு பண்ணிக்கிறதுதான் வினையே.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பா இருக்கும். கோச்சுக்காதீங்க. நம்மள்ல பாதிப் பேர் இப்ப புத்தகம் போட்டாச்சு. நல்ல விஷயம்தான். ஆனா அதோட சேர்ந்து 'மொய்ப் பரிந்துரை'ன்னு ஒண்ணும் வந்தாச்சு. உன் கவிதைத் தொகுப்பை நான் 'தமிழின் முக்கியமான வரவு'ங்கிறேன், என் சிறுகதைத் தொகுப்புக்கு நீ அதைத் திருப்பி எழுது. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரியே கணக்கு சரியா இருக்கு. யாருக்கு நஷ்டம்னு கேட்டீங்கன்னா, நம்ம பேச்சை நம்பி 250 ரூபா குடுத்து வாங்குற வாசகருக்குத்தான். மாசம் ஒரு புத்தகம் வாங்குறதே பெருசுன்னு இருக்கிறவர் ரெண்டு தடவை ஏமாந்தா மூணாவது தடவை தமிழ்ப் புத்தகம் பக்கமே வர மாட்டார். நண்பனோட புத்தகம் நல்லா இருந்தா தாராளமா சொல்லுங்க. நல்லா இல்லைன்னா அவன்கிட்டத் தனியா சொல்லுங்க, இல்ல சும்மா இருங்க. கூடவே, நாம பரிந்துரைச்ச புத்தகத்தை ஒருத்தர் "எனக்குப் பிடிக்கலங்க"ன்னு திருப்பிக் குடுக்க இடம் இருக்கணும். அதைச் சொல்ல அவர் பயந்தார்னா அது பரிந்துரையே இல்ல, வீட்டுப்பாடம் :-)

சரி, மூணாவது காரியத்துக்கு வருவோம். கையில குடுக்கிறது. இங்கதான் எல்லாரும் பின்வாங்குவாங்க. "புத்தகமும் காசும் அடுத்தவன் கைக்குப் போனா போனதுதான்"னு பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. பல வீட்டு அலமாரியில 'இரவல் கேட்காதீர்'னு ஸ்டிக்கரே இருக்கு. பயம் நியாயமானதுதான். என்கிட்ட இருந்த, இப்ப எங்க தேடினாலும் கிடைக்காத ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு ஒரு நண்பர்கிட்டப் போச்சு. மூணு தடவை கேட்டேன். "வீடு மாத்துனப்ப எங்கேயோ..."ன்னார். அந்த 'எங்கேயோ' இன்னும் கண்டுபிடிக்கப்படல. ஆறின புண்ணுன்னு பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் நான் குடுக்கத்தான் சொல்லுவேன். ஏன்னா குடுக்காம பூட்டி வச்ச புத்தகத்துக்கு என்ன ஆகுதுன்னும் பார்த்திருக்கேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மூணு பீரோ நிறைய புத்தகம். பழைய மணிக்கொடிக் காலத்து ஆளுங்கள்லேர்ந்து ரஷ்ய மொழிபெயர்ப்பு வரைக்கும். யாருக்கும் ஒரு புத்தகம் குடுத்ததில்ல. வீட்டுக்குப் போனா கண்ணாடி வழியாப் பார்க்கலாம், தொடக்கூடாது. அவர் காலமான பிறகு பசங்க வெளியூர்லேர்ந்து வந்தாங்க, வீட்டைக் காலி பண்ணணும். அப்பா எதைப் பொக்கிஷமா வச்சிருந்தார்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அவர் யார்கிட்டயும் ஒரு புத்தகத்தைப் பத்திக்கூட உக்காந்து பேசினதில்லையே! மூணு பீரோவும் தராசுல ஏறிச்சு. நியூஸ் பேப்பருக்கு என்ன விலையோ அதே விலை. பசங்க மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. அந்தப் புத்தகங்களை எடுத்துக்கோங்கன்னா ஓடி வர்றதுக்கு அந்த ஊர்ல நாலு வாசகர் இருந்திருக்கணும். அந்த நாலு பேரை உருவாக்குறதுக்கு அவருக்கு முப்பது வருஷம் இருந்துச்சு.

எல்லாச் சேகரிப்பும் ரோஜா முத்தையாவோடது மாதிரி தப்பிச்சிராது. கோட்டையூர்ல சைன் போர்டு எழுதிக்கிட்டிருந்த மனுஷன், வாழ்நாள் பூரா புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ்னு சேர்த்தார். 1992-ல அவர் மறைஞ்ச பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994-ல சென்னையில அது ஆராய்ச்சி நூலகமா ஆச்சு. லட்சத்துல ஒருத்தருக்கு அப்படி அமையும். மத்தவங்க புத்தகத்துக்கு இன்னொரு வாசகர் வீடுதான் போக்கிடம்.

நம்ம வீட்டுப் பெரியவங்க இதை இயல்பா செஞ்சிருக்காங்க. 'பொன்னியின் செல்வன்' 1950-லேர்ந்து 1954 வரைக்கும் 'கல்கி'யில தொடரா வந்தப்ப, வாரா வாரம் பக்கத்தைக் கிழிச்சுச் சேர்த்து, ஊசி நூல் போட்டோ பைண்டிங் கடையில குடுத்தோ கட்டி வச்ச வால்யூம் எத்தனை வீட்டுல இருந்துச்சு! மணியம் படத்தோட. அந்த வால்யூம் ஒரு வீட்டுல இருந்தா தெருவே படிச்சிரும். லைப்ரரிக்குப் போக அனுமதி இல்லாத பெண்கள் எத்தனையோ பேர் படிச்சது இந்தப் பக்கத்து வீட்டு இரவல்லதான். மூலை மடிஞ்சு, எண்ணெய்க் கறை பட்டு, நடுவுல ரெண்டு பக்கம் காணாம போயி... அந்தக் கறையெல்லாம் அதை யாரோ படிச்சதுக்குச் சாட்சி.

குடுக்கிறதுக்கு நான் வச்சிருக்கிற வழக்கம் சிலது. உங்களுக்கும் உதவலாம்.

ஒண்ணு, ஒரு நோட்டு. யாருக்கு, எந்தப் புத்தகம், என்ன தேதி. வாங்குறவர் கண்ணு முன்னாடியே எழுதணும். அதுலயே பாதிப் புத்தகம் திரும்பி வந்துரும்.

ரெண்டு, ஒரு நேரத்துல ஒரே புத்தகம். அஞ்சு குடுத்தா அஞ்சும் அவர் வீட்டு பரண்ல ஏறிடும்.

மூணு, மறுபதிப்பு வர்ற புத்தகத்தைத் தாராளமா விடலாம், போனாலும் வாங்கிக்கலாம். கிடைக்காத பழசுன்னா நம்ம வீட்டுக்கே வந்து உக்காந்து படிக்கச் சொல்லலாம். காபி செலவு நம்மளது. (என் சிறுகதைத் தொகுப்பு போன பிறகு வந்த சட்டத் திருத்தம் இது.)

நாலு, "படிச்சாச்சா, படிச்சாச்சா"ன்னு நச்சரிக்கக் கூடாது. ரெண்டு மாசம் ஆச்சுன்னா, "எனக்கு ஒரு பக்கம் பார்க்கணும், குடுங்க"ன்னு நாசூக்கா கேட்டு வாங்கிடணும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். "எதுக்குய்யா இந்த நோட்டு, இரவல் எல்லாம்? டெலிகிராம்ல கேட்டா ரெண்டு நிமிஷத்துல பிடிஎஃப் வந்துருது, அதுவும் பகிர்றதுதானே?"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. ரொம்ப நல்லவங்க, நிஜமாவே படிக்கிறவங்களும் கேக்குறாங்க. அதனால பதில் சொல்லணும்.

நான் இரவல் குடுத்தா என்கிட்ட இருந்த ஒரு பிரதி உங்ககிட்ட வருது. என் அலமாரியில ஓட்டை விழுது. அதை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் படிக்க முடியும். பிடிஎஃப் அப்படி இல்ல. ஒரே ராத்திரியில ஆயிரம் பேருக்குப் போகும், யார் அலமாரியிலும் ஓட்டை விழாது. ஓட்டை விழுறது பதிப்பாளர் கல்லாவுல. முந்தி ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சடிச்ச இடத்துல, இன்னிக்கு சின்னப் பதிப்பகங்கள் நூறு, இருநூறுன்னு தேவைக்கேத்த மாதிரி அடிச்சுக் காலத்தை ஓட்டுறாங்க. இருநூறு பிரதி அடிச்ச புத்தகத்துக்கு ஆயிரம் திருட்டுப் பிரதி சுத்தினா, அந்த எழுத்தாளரோட அடுத்த புத்தகத்தைப் போட யார் வருவா? இரவல் வாங்கிப் படிச்சவர் அடுத்த தடவை அதே எழுத்தாளரைக் கடையில வாங்குறதை நிறையப் பார்த்திருக்கேன். ஐந்நூறு பிடிஎஃப் இறக்கி வச்சவர் அதுல அஞ்சு படிச்சுக்கூடப் பார்த்ததில்ல. அதுவும் அந்த நூறு புத்தகப் பட்டியலோட தம்பிதான்!

பிடிஎஃப்பே கூடாதுன்னு சொல்ல வரல. நம்ம நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் மறைஞ்சு 60 வருஷம் ஆச்சுன்னா காப்புரிமை முடிஞ்சிரும். அதுக்கு முன்னாடியே தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கின எழுத்தும் ஏராளம், பாரதியிலேர்ந்து புதுமைப்பித்தன் வரைக்கும். அதையெல்லாம் அள்ளி அள்ளிக் குடுங்க, யார் தடுத்தா? மதுரைத் திட்டம் 1998 பொங்கல்லேர்ந்து இதைத்தான் செய்யுது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் இருக்கு. 1981-ல யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரிச்சப்ப 97,000 புத்தகங்களும் சுவடிகளும் சாம்பலாச்சு. அந்த இழப்பைப் பார்த்தவங்களுக்கு மின்பிரதியோட அருமை தெரியும். 2005-ல தொடங்கின நூலகம் திட்டம் ஈழத்துப் பதிப்புகளை ஆயிரக்கணக்குல சேர்த்து வச்சிருக்கு. இதெல்லாம் உழைப்பு. நேத்து வந்த நாவலை ஸ்கேன் பண்ணி குரூப்புல தட்டுறதையும் இதையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

காசு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா, அதுக்குத்தான் லைப்ரரி. சென்னை மாகாணத்துல 1948-லயே பொது நூலகச் சட்டம் வந்தாச்சு. அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி நின்னவர் நம்ம சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர்ங்கிறது 1931-ல அவர் எழுதி வச்ச ஐந்து விதிகள்ல ரெண்டு. நான் மேல நீட்டி முழக்கினதை அவர் ரெண்டு வரியில முடிச்சிட்டார்! அதே 1931-ல மன்னார்குடி பக்கத்துல மேலவாசல்ல கனகசபைப் பிள்ளைங்கிறவர் மாட்டு வண்டியில புத்தகத்தை ஏத்தி ஊர் ஊரா கொண்டு போய்ப் படிக்கக் குடுத்திருக்கார். நாம சொத்து வரியோட நூலக வரியும் கட்டுறோம். ஆனா உங்க ஊர்க் கிளை நூலகத்துக்குள்ள கடைசியா எப்ப நுழைஞ்சீங்க? உறுப்பினர் இல்லாத, யாரும் எடுக்காத நூலகத்துக்கு நல்ல புத்தகம் எப்படி வரும்? நண்பருக்கு ஒரு புத்தகத்தைச் சொல்றப்ப, அது நம்ம ஊர் நூலகத்துல இருக்கான்னும் ஒரு வார்த்தை விசாரிச்சுச் சொல்லுங்க. கையில காசு இல்லாத வாசகருக்கு அது பெரிய உதவி.

ரொம்ப நீட்டிட்டேன். கடைசியா ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் பட்டியல் போடுறதுக்குப் பதிலா, ஒரே ஒரு ஆளை நினைச்சுக்கோங்க. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர், மச்சினி, மாடி வீட்டுப் பையன், யாரா இருந்தாலும் சரி. அவர் கடைசியா விரும்பிப் படிச்சது எதுன்னு கேளுங்க. ரெண்டு நாள் யோசிங்க. அப்புறம் உங்க அலமாரியிலேர்ந்து ஒண்ணை எடுத்து, நோட்டுல எழுதிட்டு, நேர்ல போய்க் குடுங்க. "இது உங்களுக்குப் பிடிக்கும்னு தோணுச்சு, பிடிக்கலைன்னா தயங்காம சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னா போதும்.

யாருக்கு, எந்தப் புத்தகம், ஏன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்து நான் என்ன படிக்கிறதுன்னு முடிவு பண்ண வேண்டாமா? :-)

டிஸ்கி: வீடு மாத்துனப்ப தொலைச்ச அந்த நண்பர் இதைப் படிச்சா... புத்தகம் கிடைச்சா போதும், லேட் ஃபைன் கேக்க மாட்டேன்.